14 அடிப் பலகை: அமைதி நீருக்கா, காற்றலைக்கா?

நின்றபடி துடுப்பு வலிக்கும் பந்தயங்களில் பலகையின் நீளம் ஏறக்குறைய தீர்ந்துபோன வழக்கு. எஸ்யூபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஸ்டாண்ட்-அப் பேடில் விளையாட்டில் 2010களின் தொடக்கம் வரை 12 அடி 6 அங்குலம், 14 அடி, நீள வரம்பே இல்லாத 'அன்லிமிடெட்' என மூன்று வகுப்புகள் இருந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆண், பெண் இருபாலருக்கும் 14 அடிதான் என்று பெரிய பந்தயங்கள் ஒரு நிலைக்கு வந்துவிட்டன. எனவே இன்று பந்தயப் பலகை வாங்கப் போகிறவருக்கு நீளத்தில் பெரிய குழப்பம் இல்லை. குழப்பமெல்லாம் மற்ற அளவுகளில்: அகலம், அடிப்பக்கத்தின் வளைவு, மூக்கின் உருவம், நிற்கும் இடத்தின் ஆழம்.

கடைக்காரரும் இணையத்தில் விற்பவரும் முதலில் கேட்கும் கேள்வி, "அமைதியான நீரிலா, டவுன்விண்டா?" என்பது. ஏரி, கால்வாய், உப்பங்கழி போன்ற அலையற்ற நீரில் ஓட்டுவதா, அல்லது காற்று முதுகில் அடிக்க, அது எழுப்பும் அலைகளின் மேல் சறுக்கியபடி திறந்த கடலில் போவதா என்று பொருள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: உங்கள் கால் எவ்வளவு ஆட்டத்தைத் தாங்கும்? இதற்கு நேர்மையான பதில் கிடைத்துவிட்டால் முதல் கேள்வி பாதி தானாகவே கரைந்துவிடும்.

முதலில் அமைதி நீர். நீரைக் கிழித்துப் போகும் எந்தக் கலமும் தன் மூக்கில் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடும். ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் கலத்தின் நீளமும் சமமாகிவிடும். அதற்கு மேல் போக முயன்றால் மூக்கு மேடேறும், வால் பள்ளத்தில் அமிழும். தானே எழுப்பிய மேட்டில் தானே ஏற வேண்டிய நிலை. ஆழ்நீர் அலைகளின் கணக்குப்படி 14 அடிக்கு, அதாவது 4.27 மீட்டருக்கு, இந்த எல்லை மணிக்குச் சுமார் 9.3 கி.மீ. 12 அடி 6 அங்குலத்துக்கு 8.8 கி.மீ. நீளமான பலகை ஏன் வென்றது என்பதற்கு இந்த அரைக் கிலோமீட்டரே பெரும்பகுதி விளக்கம்.

இந்த எல்லை கல்லில் பொறித்ததல்ல. கலம் ஒல்லியாக இருந்தால் அது எழுப்பும் அலையும் சிறிதாக இருக்கும், மேடு தாழ்ந்துவிடும், அதை மீறிப் போகலாம். தேர்ந்த வீரர்கள் மணிக்கு 10 கி.மீ.க்குமேல் தக்கவைப்பது இப்படித்தான். அமைதி நீருக்கான பலகைகள் கத்திபோல் கூரிய மூக்கோடு, 21 முதல் 23 அங்குல அகலத்தோடு, நேரான ஓரங்களோடு வருவதன் காரணமும் இதுவே. ஸ்டார்போர்ட் நிறுவனத்தின் 'ஸ்பிரிண்ட்' இந்த வகைக்கு எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு.

ஆனால் இதில் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பயிற்சி செய்யும் ஒருவர் ஒரு மணி நேரப் பந்தயத்தில் மணிக்கு 8 கி.மீ.க்குச் சற்று முன்பின்னாகத்தான் போவார். அந்த வேகத்தில் அவரைப் பிடித்து இழுப்பது அலைத் தடையைவிட உராய்வுதான். நனையும் பரப்பு எவ்வளவோ அவ்வளவு உராய்வு. 80 கிலோ ஆள், 11 கிலோ பலகை, தண்ணீர்ப் பை எல்லாம் சேர்ந்தால் சுமார் 92 லிட்டர் நீரை விலக்கியாக வேண்டும். பலகை ஒல்லியானால் அந்த 92 லிட்டருக்காக இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கும். நனையும் பரப்பு எதிர்பார்த்த அளவுக்குக் குறையாது. 25 அங்குலத்திலிருந்து 22க்கு இறங்கினால் வேகம் பறக்கும் என்று நம்பி வாங்கியவர்களுக்குக் கைக்கடிகாரம் சொல்லும் செய்தி பெரும்பாலும் சப்பென்று இருப்பதற்கு இதுவே காரணம். 10 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு அந்த மூன்று அங்குலம் பொன்; 8 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு அவ்வளவு இல்லை.

அமைதி நீர் என்று பெயரிருந்தாலும் அது எப்போதும் கண்ணாடியாகக் கிடப்பதில்லை. நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் நடக்கும் '11 சிட்டி டூர்' பந்தயம் 5 நாள், சுமார் 220 கி.மீ. உறைபனிக் காலத்தில் சறுக்கு வீரர்கள் போகும் புகழ்பெற்ற எல்ஃப்ஸ்டெடென்டொக்ட் தடத்தையே கோடையில் துடுப்போடு தொடர்கிறார்கள். கால்வாய்தான், அலை இல்லை. ஆனால் தட்டையான அந்த நாட்டில் காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. எதிரிலும் பக்கத்திலும் மணிக்கணக்காக அடிக்கும். வழியில் வரும் தாழ்வான பாலங்களின் கீழ் குனிந்து, சில இடங்களில் மண்டியிட்டுத்தான் போக முடியும். கால்வாயின் களைச்செடிகள், பலகையின் அடியில் வால்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் 'ஃபின்' என்ற தகட்டில் சிக்கும் என்பதால் பின்னோக்கிச் சாய்ந்த ஃபின்னைப் போடுவார்கள். நாள் முழுக்க நிற்க வேண்டிய அந்தத் தடத்தில் மிக ஒல்லியான பலகை மிக வேகமான பலகை ஆகிவிடாது. கணுக்கால் ஐந்தாம் நாளும் வேலை செய்ய வேண்டும்.

இனி டவுன்விண்ட். இதுதான் விஷயமுள்ள பக்கம்.

ஹவாய்த் தீவுகளில் மௌயி தீவின் வடகரையில் மாலிகோ என்ற பள்ளத்தாக்கின் முகத்துவாரத்திலிருந்து கஹுலுயி துறைமுகம் வரை சுமார் 15 கி.மீ. தூரம், உலகில் இந்த விளையாட்டுக்கு மிகவும் பெயர்போன தடம். வணிகக் காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். நெய்ஷ் நிறுவனம் தன் பந்தயப் பலகை ஒன்றுக்கு 'மாலிகோ' என்றே பெயர் வைத்தது. இன்னொரு புகழ்பெற்ற தடம் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றில் வியென்டோவிலிருந்து ஹூட் ரிவர் வரை. அங்கே ஆறு மேற்கே கடலை நோக்கி ஓடுகிறது. கோடைக் காற்று மேற்கிலிருந்து எதிர்த்து வீசுகிறது. நீரோட்டத்தை எதிர்க்கும் காற்று அலைகளைக் குறுக்கி நிமிர்த்திவிடும். அதனால் அந்த ஆற்றின் அலைகள் கடலலைகளைவிடக் குட்டையானவை, நெருக்கமானவை, செங்குத்தானவை. மாலிகோவில் சொகுசாக ஓடும் பலகை அங்கே மூக்கை முன்னலையில் குத்திக்கொள்ளக்கூடும்.

காற்றலை ஒன்றைக் கொஞ்சம் கணக்கில் பார்க்கலாம். மூன்று விநாடிக்கு ஒன்றாக வரும் அலையின் நீளம் சுமார் 14 மீட்டர். அதன் முகடு மணிக்கு 17 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. நான்கு விநாடி அலையென்றால் 25 மீட்டர் நீளம், 22 கி.மீ. வேகம். துடுப்பு வலிப்பவர் 8, 9 கி.மீ. வேகத்தில் இருக்கிறார். ஆக, அலை அவரைவிட இரண்டு மடங்கு வேகமாகப் பின்னாலிருந்து வந்து கடந்துபோகப் பார்க்கிறது. அதன் மேல் தொற்றிக்கொள்ள அவருக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு விநாடிதான்.

அந்த விநாடியில் நடப்பது இது. பாதங்களுக்குக் கீழே வால் மெல்ல உயர்வது உள்ளங்காலில் தெரியும். மூக்கு முன்னாலுள்ள பள்ளத்தை நோக்கிச் சாயும். அப்போது மூன்று நான்கு குட்டையான, வேகமான வலிப்பு. பலகை சட்டென்று இலேசாகி ஓடத் தொடங்கும். ஓரங்களின் அருகே நீரின் ஓசை மாறும். உடனே ஒரு கால் பின்னால் போக வேண்டும், இல்லையென்றால் மூக்கு நீரில் புதையும். பள்ளத்தின் அடியை அடைந்ததும் முன்னால் அடுத்த அலையின் முதுகு சுவராக நிற்கும். அதில் முட்டினால் வேகம் முழுக்கப் போய்விடும். கால்விரலால் ஒரு ஓரத்தை அழுத்திச் சற்றே பக்கவாட்டில் திரும்பி, அந்த முதுகில் எங்கே தாழ்வான இடைவெளி இருக்கிறதோ அதன் வழியே அடுத்த பள்ளத்துக்குள் நழுவுவதுதான் கலை.

நழுவியே ஆக வேண்டும், ஏனென்றால் ஏறிய அலை நிலைக்காது. ஆழ்நீரில் அலைக்கூட்டம் போகும் வேகம் தனி முகட்டின் வேகத்தில் பாதிதான். 17 கி.மீ. வேகத்தில் ஓடும் முகடு, எட்டரைக் கிலோமீட்டர் வேகத்தில் நகரும் கூட்டத்தின் பின்வாசலில் பிறந்து முன்வாசலில் மறைந்துவிடுகிறது. நல்ல அலை கிடைத்துவிட்டது, அப்படியே கரைவரை போகலாம் என்று யாரும் இருக்க முடியாது. இறங்குவதும் திரும்பப் பிடிப்பதுமாகவே ஒரு மணி நேரம் கழியும். அதனால் டவுன்விண்ட் பலகைக்கு முக்கியம் உச்ச வேகம் அல்ல. மந்த நிலையிலிருந்து மின்னலாகக் கிளம்பும் குணம்.

இங்கிருந்து பார்த்தால் உருவங்களின் காரணம் புரிந்துவிடும். டவுன்விண்ட் பலகையின் மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்கும். 'ராக்கர்' என்று சொல்லப்படும் இந்த வளைவு பள்ளத்தில் புதையாமல் காக்கிறது. மூக்கில் பருமன் அதிகம். புதைந்தாலும் தானே வெளியே வரும். வால் சற்று அகலமாகவோ தட்டையாகவோ இருந்து அலையின் தூக்குதலை வாங்கிக்கொள்ளும். எஸ்ஐசி நிறுவனத்தின் 'புல்லட்' நீண்ட காலமாக இந்த வகையின் அடையாளம். அதே பலகையை ஏரியில் போட்டால் வளைந்த மூக்கு நீரைத் தொடாமல் வெளியே நிற்கும். பெயர் 14 அடி. நீரில் அமர்ந்து வேலை செய்யும் நீளம் அதைவிடக் குறைவு. முன்னால் சொன்ன 9.3 கி.மீ. எல்லையும் அதற்கேற்ப இறங்கிவிடும். எதிர்க்காற்றில் பருத்த மூக்கு காற்றையும் பிடித்துக்கொள்ளும்.

நிற்கும் இடத்தைக் குழித்து அமைப்பது இன்னொரு பெரிய மாற்றம். நிற்கும் தளம் சில சென்டிமீட்டர் கீழே இறங்கினால் உடலின் எடைமையமும் இறங்கும். அதனால் பலகையை இன்னும் ஓர் அங்குலம் ஒல்லியாக்க முடிகிறது. அமைதி நீருக்கு இது அருமையான ஏற்பாடு. கடலில் இரண்டு தொல்லை. ஒன்று, குழிக்குள் நீர் நிற்கும்: 150 சென்டிமீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலமுள்ள குழியில் 3 சென்டிமீட்டர் நீர் நின்றால் 18 கிலோ கூடுதல் சுமை. வடிகால் ஓட்டைகள் பெரிதாக இருந்தால்தான் அடுத்த அலைக்குள் காலியாகும். மற்றொன்று, கால் நகர்த்துவது. அலையைப் பிடித்ததும் பின்னங்கால் ஓரடி பின்னே போக வேண்டிய நேரத்தில் குழியின் சுவர் காலைத் தட்டும். ஆழக்குழிப் பலகை வாங்குகிறவர் அதன் பின்சுவர் சரிவாக இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

இப்போது அகலம். பலகை வாங்குவதில் மிகப் பெரிய முடிவு இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். மற்றவையெல்லாம் இதற்குப் பிறகுதான். பக்கவாட்டில் கவிழாதபடி பலகை தரும் எதிர்ப்பு அகலத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. 23 அங்குலத்திலிருந்து 25க்கு வந்தால் அகலம் 9 சதவீதம்கூடக் கூடவில்லை. நிலைப்பு 28 சதவீதம் கூடுகிறது. 21லிருந்து 24க்கு வந்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மூன்று அங்குலம் என்பது காகிதத்தில் ஒன்றுமில்லை. காலடியில் அது வேறொரு பலகை.

இன்னொன்றும் உண்டு. எடைமையம் இடுப்பருகே இருக்கும் ஒரு மனிதர் ஒல்லியான பந்தயப் பலகையில் கம்பம்போல் விறைத்து நின்றால் அது கவிழ்ந்துவிடும். அது கவிழாமல் நிற்பதற்குப் பலகை பாதிக் காரணம்தான். மீதி, கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் ஓயாமல் செய்யும் சிறு திருத்தங்கள். அந்தத் திருத்தங்களுக்கு ஆற்றல் செலவாகிறது. களைப்பு வந்தால் முதலில் மழுங்குவதும் அவையே. காலையில் அமைதி ஏரியில் 22 அங்குலப் பலகையில் ஜம்மென்று நிற்கிறவர், காற்றலையில் முக்கால் மணி நேரம் கழித்து அதே பலகையில் துடுப்பை நீரில் ஊன்றியபடி விழாமல் இருப்பதே வேலையாக நிற்பார். அலையைப் பிடிக்க வேண்டிய மூன்று வலிப்புக்கு அவரிடம் தெம்பு இருக்காது. சமநிலைக்காகத் துடுப்பை ஊன்றும் ஒவ்வொரு முறையும் ஓர் அலை கடந்துபோய்விடும்.

எனவே இரண்டு பலகை வாங்க வசதியில்லாதவர், அதாவது ஏறக்குறைய நாம் எல்லோரும், எதை வாங்குவது? தயாரிப்பாளர்களின் பதில், எல்லா நீருக்கும் என்று விற்கும் நடுத்தரப் பலகை. ஸ்டார்போர்டின் 'ஆல் ஸ்டார்', என்எஸ்பியின் 'கரோலினா' இந்த வரிசையில் வரும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இவற்றைக் குறை சொல்லும் வழக்கம் உண்டு. பத்தாண்டுக்கு முன் அது பொருந்தியிருக்கலாம். இன்று இந்த நடுத்தரப் பலகைகள்தாம் பெரும்பாலான கடல் பந்தயங்களில் முன்வரிசையில் நிற்கின்றன. கரையிலிருந்து கிளம்பி, அலையை உடைத்து, மிதவையைச் சுற்றி, பாதித் தூரம் எதிர்க்காற்று, பாதித் தூரம் பின்காற்று என்று வரும் தடத்தில் தனித்தேர்ச்சிப் பலகை ஏதேனும் ஓர் இடத்தில் மாட்டிக்கொள்ளும்.

நான் சொல்வது இன்னும் ஒரு படி மேலே: நீங்கள் போகக்கூடிய மிக மோசமான நீரை மனத்தில் வைத்து அகலத்தைத் தீர்மானியுங்கள். நல்ல நீரில் ஓர் அங்குலக் கூடுதல் அகலம் உங்களிடமிருந்து பறிப்பது சில விநாடிகள். கெட்ட நீரில் ஓர் அங்குலக் குறைவு மொத்தப் பந்தயத்தையும் பறித்துவிடும். 75, 80 கிலோ எடையில், ஓரிரு ஆண்டு பழக்கமுள்ளவருக்கு 25 அல்லது 26 அங்குலம் விரலுக்குத் தகுந்த வீக்கம். 90 கிலோவைத் தாண்டினால் 27, 28 என்று போவதில் வெட்கம் ஒன்றுமில்லை. 60 கிலோவுக்குக் கீழே இருப்பவருக்குச் சிக்கல் தலைகீழ்: 300 லிட்டர் பலகையில் அவர் மிக உயரத்தில் மிதப்பார், காற்று பலகையைத் தன்னிஷ்டத்துக்குத் திருப்பும். அவர் அகலத்தைவிடக் கொள்ளளவைப் பார்த்து, மெலிந்த பலகையைத் தேட வேண்டும். உலகத் தரவரிசை வீரர் 21 அங்குலத்தில் வென்றார் என்பது விளம்பரத்துக்கு நல்ல செய்தி; உங்கள் கணுக்காலுக்கு அதனால் பயன் இல்லை.

அன்லிமிடெட் வகுப்பைப் பற்றி ஒரு பத்தி. மொலோகாய் தீவிலிருந்து ஓவாஹு தீவுக்குக் கைவி கால்வாயைக் கடக்கும் 32 மைல் பந்தயம், ஏறத்தாழ 52 கி.மீ., இந்த நீண்ட பலகைகளின் அரங்கம். 17 அடியும் அதற்கு மேலும் நீளம், காலால் இயக்கும் சுக்கான். முன்னணி வீரர்கள் நான்கு மணி நேரத்தைச் சற்றே தாண்டிய அளவில் கடந்திருக்கிறார்கள். சராசரி மணிக்கு 12 கி.மீ.க்கு மேல். பிறகு, நீருக்கடியில் ஓடும் சிறகால் பலகையையே மேலே தூக்கும் ஹைட்ரோஃபாயில் வந்தது. 2016இல் ஹவாய் வீரர் காய் லென்னி அதே கால்வாயை நீருக்கு மேலே பறக்கும் பலகையில் கடந்தார். சில ஆண்டுகளில் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு என்பது ஃபாயிலில் சாத்தியமாகிவிட்டது. டவுன்விண்டுக்கென்றே வாழ்ந்த பலர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். விளைவாக, பயன்படுத்திய தூய டவுன்விண்ட் பலகைகள் மலிவாக விற்பனைக்கு வருகின்றன. காற்றலையில் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு இது நல்ல காலம்.

மற்றவை சுருக்கமாக. ஃபின்னை மாற்றினால் பலகையின் குணம் ஓரளவு மாறும்; அமைதி நீருக்குச் சிறியது, அலையில் வால் நழுவாமல் பிடிக்கப் பெரியது, இரண்டும் வைத்திருப்பது செலவில்லாத தந்திரம். காற்றடைக்கும் பலகைகள் சேமிப்பதற்கும் பயணத்துக்கும் வசதி. ஆனால் அலையின் மேல் நடுவில் வளைந்துகொடுத்து வேகத்தைத் தின்றுவிடும். காலில் கட்டும் கயிறு டவுன்விண்டில் உயிர்க்காப்பு. காற்று தள்ளும் வெற்றுப் பலகையை நீந்திப் பிடிக்க எவராலும் முடியாது.

கார்பன் பலகை பற்றி நம் ஊர் வெயிலை நினைத்து ஒரு வார்த்தை. உள்ளே இருப்பது நுரை, அதனுள் காற்று. கறுப்புப் பலகையை நண்பகலில் மணலில் கிடத்தினால் உள்காற்று விரிந்து மேலோடு நுரையிலிருந்து பிரிந்து கொப்புளம் போடும். காற்று வெளியேறத் திருகு வைத்த பலகையென்றால் கரையில் அதைத் தளர்த்தி, நீரில் இறங்குமுன் இறுக்க மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் இந்த விளையாட்டுக்கு முகவரி இல்லாமல் இல்லை. சென்னைக்குத் தெற்கே கோவளத்தைச் சேர்ந்த சேகர் பச்சை தேசிய அளவில் பலமுறை வென்றவர். அவர் ஊருக்கு அருகே முட்டுக்காட்டு உப்பங்கழி அமைதி நீருக்கு. ராமேசுவரத்தைச் சுற்றிய கடலோ காற்றுக்குப் பெயர்போனது. கடையில் 14 அடிப் பலகைகளை வரிசையாக வைத்துத் தேர்ந்தெடுக்கும் வசதி இங்கே அரிது. எனவே யாரிடமாவது கேட்டு ஒன்றை ஒரு மணி நேரத்துக்கு வாங்கிப் பார்ப்பதே வழி. அந்த ஒரு மணி நேரத்தை நேர்க்கோட்டில் வேகம் பார்க்கச் செலவழிக்காதீர்கள். காற்று ஓரளவு வீசும் பிற்பகலில் போங்கள். அலைக்குப் பக்கவாட்டில் பலகையை நிறுத்தி, துடுப்பை நீரிலிருந்து எடுத்துவிட்டு நின்று பாருங்கள். பின்னே இரண்டடி வைத்து, மூக்கைத் தூக்கித் திரும்பிப் பாருங்கள். வேண்டுமென்றே விழுந்து, மேலே ஏறி, எழுந்து நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் பாருங்கள். கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, களைத்த கையோடு, அதையே மறுபடி மறுபடி செய்ய வேண்டி வரும்.